அடிவாரத்துக்கு ஒரு ஸ்டூல்

1

எங்கள் தொழிற்சாலையில் இந்தக் கோடைக்கு ஃபூஜி மலை ஏறுவதென்று முடிவாகிவிட்டது. சனிக்கிழமை மதியம் கிளம்பி, ஏறி, இறங்கி, ஞாயிறு இரவு ஊர் திரும்பி, திங்கள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல இயந்திரங்களின் முன்னால் நிற்க வேண்டும். பதினொரு பேர். ஏற்பாடு என் பொறுப்பு.

"பட்டியல் போடுகிறவர் நீங்கள்தானே" என்றார் எங்கள் பிரிவுத் தலைவர் மொரி. அது பாராட்டா குறையா என்று எனக்குத் தெரியவில்லை. ஜப்பானுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. நகோயாவுக்குப் பக்கத்தில் நூற்பு இயந்திரங்கள் செய்யும் இடத்தில் வேலை. மொழி ஓரளவு வந்துவிட்டது. இந்த வித்தியாசம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

கோடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆனால் வார இறுதியில் அந்த மலையில் கூட்டம் நெரியும். வழியில் தங்கும் குடில்களுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பஸ். குடில். மழை உடை. டார்ச், மாற்று பேட்டரி. கையுறை. உப்பு மிட்டாய். கிளம்பும் நேரம். ஏறும் வழியில் ஒவ்வொரு நிலையத்தையும் அடையும் நேரம்.

அடுத்த வரி, இறங்கி வரும் நேரம். அங்கே பேனா நின்றது. அதற்குக் காரணம் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அது அங்கே வந்து சரியாக ஒரு வருஷம் ஆகிறது.

2

வெள்ளியங்கிரி என்றால் கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு மேற்கே ஏழு மலைகள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போனால் ஏழாவதின் உச்சியில், பாறைகளுக்கு நடுவில் சிவன். மாசியிலிருந்து வைகாசி வரை ஏறுவார்கள். சனி, ஞாயிறு என்றால் படியில் கால் வைக்க இடமிருக்காது. கையில் மூங்கில் கம்பு இல்லாமல் யாரும் ஏறுவதில்லை.

அப்பாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். வருஷம் முழுவதும் பட்டறையை விட்டு நகராதவர், சித்திரையில் ஒரு சனிக்கிழமை மட்டும் நான்கு கூட்டாளிகளோடு மலைக்குப் போவார். பதினேழு வருஷம் விடாமல் போனார்.

அவருக்குக் கட்ட வேண்டியவற்றின் பட்டியலை எழுதும் வேலை எனக்குப் பதினொரு வயதில் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். எலுமிச்சம்பழம் ஆறு. வெல்லம். பொரி. கற்பூரம். மேலே குளிருக்கு ஒரு கம்பளி. முட்டிக்குத் தைலம். எழுதியதை நான் படிப்பேன். அம்மா எடுத்து வைப்பார். எடுத்து வைத்ததற்கு நேராக நான் டிக் அடிப்பேன். நான் பொறியியல் படிக்கப் போனதற்கு என் கணக்கு வாத்தியார் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த டிக் மேல்தான் சந்தேகம்.

எங்கள் இருவருக்கும் வேலை அதோடு முடிந்தது. பத்து வயதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பெண்கள் அந்த மலை ஏறுவதில்லை என்பது வழக்கம். இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆனால் இந்தக் குறிப்பு அதைப் பற்றியது அல்ல.

இன்னொரு வழக்கமும் எங்கள் வீட்டில் இருந்தது. மலைக்குக் கிளம்புகிறவரிடம் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் மலை ஆளைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். பன்னிரண்டு வயதில் நான் கேட்டுவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. வாசல் வரை போயிருந்த அப்பா திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்புகிறவர்போல மறுபடி கிளம்பினார். கேட்ட கேள்விக்கு அதுதான் பரிகாரம்.

அம்மா அந்தப் பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

3

போன சித்திரையில் எனக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. இந்த நாட்டைவிட்டு ஒரு வாரம் வெளியே போனாலும் திரும்பி வருவதற்கு முன்கூட்டியே அனுமதி முத்திரை வாங்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம். நான் 'குடும்பம்' என்று எழுதினேன். கவுண்ட்டரில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "நல்ல நோக்கம்" என்று சொல்லிக் குத்தினாள்.

முந்தின கோடையில் நான் தனியாக ஃபூஜி ஏறியிருந்தேன். அங்கேயும் கம்பு உண்டு. ஒவ்வொரு குடிலிலும் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அந்த இடத்தின் பெயரைக் கம்பில் சுட்டுக் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் அங்கேயும் பெண்கள் பாதிக்கு மேல் போகக் கூடாதாம். இதைச் சொன்ன குடில்காரப் பெரியவருக்குப் பக்கத்தில் அவருடைய மகள் நின்று என் கம்பில் முத்திரை சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பை அம்மாவுக்காக எடுத்துப் போனேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, சிலம்பக் கம்பா?"

"மலை ஏறுற கம்புங்க."

"ஜப்பான்லேர்ந்து டேப் ரெக்கார்டர் கொண்டு வருவாங்க, கேமரா கொண்டு வருவாங்க. நீ கம்பு கொண்டு வந்திருக்கே" என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டார்.

காந்திபுரத்தில் பஸ்ஸில் சீட்டு வாங்கியதும் என்னையறியாமல் தலை குனிந்து வணங்கிவிட்டேன். "ஏனுங் அம்மணி, கழுத்துப் புடிச்சுக்கிச்சா?" என்று கண்டக்டர் கேட்டார். ஊர் வந்து சேர்ந்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

வீட்டில் அப்பா காலை நீட்டி ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முட்டித் தேய்மானம். இனி மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட்டாளிகள் அந்தச் சனிக்கிழமை கிளம்புகிறார்கள். ஒரு வருஷம் விட்டுப்போகிறதே என்ற வருத்தம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

சாப்பாட்டுக்கு நடுவில் அம்மா சொன்னார்: "உங்களுக்குப் பதிலா நான் போறேனுங்க."

அப்பா சிரித்தார். "மருதமலைப் படி ஏறவே மூணு எடத்துல உக்காருவ நீயி."

"உக்காந்திருக்கேன். ஏறாமத் திரும்பி வந்திருக்கேனா?"

"அதுக்கு அம்பது ஆகோணுமே."

"அம்பத்தொண்ணு ஆச்சுங்க. பட்டறையில நூலளவு தப்பாது. ஊட்டு ஆளுக வயசு மட்டும் தெரியாது." சாதத்தைப் பிசைந்தபடியே அம்மா தொடர்ந்தார்: "சரசக்காவும் வருது. அதுக்கு அம்பத்தாறு. ரெண்டு பேரும் தெனோம் வெடியால ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்துட்டுத்தான் இருக்கறோம். மாசியிலிருந்து."

சரசக்கா பக்கத்து வீடு. இரண்டு மாதமாக இப்படியொரு நடை நடப்பது எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பால் வாங்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பதினேழு வருஷம் இந்த மலைக்குக் கம்பளி மடித்துக் கொடுத்தவர். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிய தட்டிலேயே மறுபடி ஊற்றினார். மறுத்துவிடுவோம் என்ற பயம்.

"நான் பிளான் போட்டுத் தாரேன்" என்றேன்.

4

போட்டேன். வரைபடத் தாளில், எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டம் போடுகிற மாதிரி, நேரத்துக்குக் குறுக்குக் கோடு, வேலைக்கு நெடுக்குக் கோடு. அந்த வார இறுதியில் மலை மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை காரமடைப் பெருமாள் கோயில். அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் இவரிடம் போவேன் என்று அம்மா பிடிவாதம். சனி மலை. ஞாயிறு விடியற்காலை கோபிசெட்டிபாளையத்தில் மாமா மகள் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. அம்மா இல்லாமல் மாமா தாலி எடுத்துக் கொடுக்க மாட்டார். திங்கள் இரவு எனக்குச் சென்னைக்கு ரயில். ஆகவே சனிக்கிழமை மாலை நாலரைக்குள் அம்மா மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். நாலு மணிக்கு ஏற ஆரம்பித்தால் பத்தரைக்கு உச்சி. ஏழு மலைக்கும் தனித்தனி நேரம் போட்டு ஒரு சீட்டுத் தயாரித்தேன். போய்ச் சேர்ந்த நேரத்தை எழுத ஒரு காலி இடம். சீட்டோடு ஒரு குட்டிப் பென்சிலை நூலில் கட்டினேன். அம்மாவுக்காக வாங்கி வந்திருந்த கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக் கட்டிவிட்டேன்.

அடுத்தது வயதுச் சான்று. அடிவாரத்தில் யாராவது கேட்டால் காட்ட வேண்டாமா? இங்கே ஜப்பானில் நான் எந்நேரமும் அடையாள அட்டையோடு நடமாடுகிறவள். தாள் இல்லாமல் ஒரு இடத்தில் போய் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

ரேஷன் கார்டை எடுத்தேன். அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. புதிதாக வந்திருந்த வாக்காளர் அட்டையில் ஐம்பத்து மூன்று. பள்ளிக்கூடச் சான்றிதழ்படி நாற்பத்தொன்பதே முக்கால். ஜூன் மாதம் பிறந்ததாக வாத்தியாரே போட்டுக்கொண்டது.

"அம்மா, இதுல எது நிஜம்?"

"உனக்கு எது வேணுமோ அதை எடுத்துக்க கண்ணு."

கோபி மாமாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவருக்கு ஐம்பத்து நாலு, அம்மா அவரைவிட மூன்று வயது சின்னவர், ஆகவே ஐம்பத்தொன்று என்று உறுதியானது. அதை ஒரு தாளில் வாங்கிவிடலாம் என்று அலுவலகம் ஒன்றுக்கு இரண்டு காலை நேரம் அலைந்தேன். அங்கிருந்த எழுத்தர் என் விண்ணப்பத்தை மேலும் கீழும் படித்தார்.

"வயசுச் சான்று பென்ஷனுக்குக் கேப்பாங்க, இன்சூரன்சுக்குக் கேப்பாங்க. மலை ஏறவாம்மா?"

"ஆமாங்க."

"நாளைக்கு அந்தச் சாமியும் சான்று கேட்டு வந்து நின்னா நான் என்ன பண்றது? போங் கண்ணு. தலைமுடியப் பாத்தாத் தெரியாதா?"

கடைசியில் வாக்காளர் அட்டையை உறையில் போட்டு அம்மாவின் சுருக்குப் பைக்குள் வைத்து, பட்டியலில் டிக் அடித்தேன்.

5

சனிக்கிழமை அதிகாலை அடிவாரத்தில் அத்தனை கூட்டம். பஸ்கள், வேன்கள், சுக்குக் காப்பிக் கடைகள். அப்பாவும் வந்திருந்தார். வழியனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லித்தான் வந்தார்.

வயதுச் சான்றை யாரும் கேட்கவில்லை. கேட்டவர் ஒருவர்தான்; கம்பு விற்ற அம்மாள். அவர் கேட்டதும் வேறு.

"ஏனுங்க்கா, மொதத் தடவையா?"

"ஆமாங்க."

"இத்தன வருசமா யாருக்குக் கட்டிக் குடுத்துட்டிருந்தீங்க?"

அம்மா கையைத் திருப்பி அப்பாவைக் காட்டினார். அந்த அம்மாள் அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடுக்கியிருந்த மூங்கில்களில் கணு குறைந்ததாக ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"என்ற கம்பு இருக்குதுங்களே அம்மா, ஜப்பான் கம்பு" என்றேன்.

"அது அந்த மலைக்குக் கண்ணு. இந்த மலைக்கு இது." அம்மா ஜப்பான் கம்பை வாங்கி அப்பாவின் கையில் கொடுத்தார். "நீங்க ஊணிக்கங்க. முட்டி வலிக்குமில்ல."

பழனிச்சாமி அண்ணன் முன்னால் போனார். அப்பாவின் கூட்டாளிகளில் இளையவர். வார்ப்படச் சாலையில் மோல்டர். அவருக்குப் பின்னால் மற்ற மூவர். கடைசியாக அம்மாவும் சரசக்காவும். படிக்கட்டில் அம்மாவின் கால் பட்டது. நான்கு படி ஏறிவிட்டார். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது அப்பா கையைத் தூக்கிச் சத்தமாகக் கேட்டார்: "இந்தா! எத்தன மணிக்கு வருவே?"

சுற்றியிருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சரசக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, என்னங்ணா இப்புடிக் கேட்டுப்போட்டீங்க!"

அப்பாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை. அவர் யாரிடமும் கேட்க வேண்டி வந்ததும் இல்லை. அனுப்பிவைத்துப் பழக்கமில்லாத மனிதர். அம்மா திரும்பிப் பார்த்தார். கீழே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வழியில்லை. படியில் வைத்த காலைப் பின்வாங்கக் கூடாது, பின்னால் இருந்த கூட்டமும் விடாது. ஒரு சிரிப்புச் சிரித்தார். கூட்டம் அவரை மேலே தள்ளிக்கொண்டு போனது.

அப்பா வீட்டுக்குப் போகவில்லை.

6

காத்திருப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அப்பா ஒரு மணி நேரம் நின்றார். ஒரு கல்லில் உட்கார்ந்தார், முட்டி மடங்கவில்லை, எழுந்தார். காப்பி வாங்கினார், பாதியில் வைத்தார். கம்பில் சுட்டிருந்த எழுத்துகளை விரலால் தடவினார். "இதென்ன எழுதியிருக்குது?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அதையே கேட்டார்.

"இந்நேரம் வெள்ளைப் பிள்ளையார் தாண்டியிருப்பா." "இந்நேரம் கைதட்டிச் சுனை." "விபூதி மலையில வழுக்கும், தெரியுமில்ல அவளுக்கு?" அவருக்கு மலை மனப்பாடம். அதுவே கஷ்டமாகிவிட்டது. வழுக்கும் ஒவ்வொரு இடமும் தெரியும்.

பத்தரை ஆனதும் என் தாளில் 'உச்சி' என்பதற்கு நேராகப் பென்சிலை வைத்தேன். டிக் அடிக்கவில்லை. பார்க்காத ஒன்றுக்கு எப்படி அடிப்பது?

மூன்றரைக்குப் பழனிச்சாமி அண்ணனும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். அவர்களோடு அம்மா இல்லை.

"எங்கடா?" என்றார் அப்பா.

"பின்னால வாராங்கங்ணா. உச்சியில சாமி கும்புட்டாங்க, நல்லா இருக்கறாங்க. அந்தப் பாறையோரம் உக்காந்துட்டு, நீங்க போங்க, நாங்க மெதுவா வாரோம்னு சொல்லிப்போட்டாங்க."

"உட்டுப்போட்டு வந்துட்டயா?"

"நாலு வாட்டி கேட்டனுங்ணா. அஞ்சாவது வாட்டி அக்கா கம்பத் தூக்கிட்டாங்க."

நாலரை ஆனது. ஐந்தரை ஆனது. கோபி போக வேண்டிய வேன்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். இறங்குகிறவர்களின் முகங்களை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நெகமத்துச் சேலை கட்டிட்டு ரெண்டு பொம்பளைங்க, பாத்தீங்களா?" என்று பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பார். ஆறு மணிக்குப் பழனிச்சாமி அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, வலிக்கிற காலோடு மறுபடி முதல் மலைப் படியில் ஏறினார்.

"நாங் கேட்டிருக்கக் கூடாது" என்றார் அப்பா.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா."

"பன்னெண்டு வயசுல நீ கேட்டப்போ நாந் திரும்பி வந்து தண்ணி குடிச்சேன். நாங் கேட்டதுக்கு அவ என்ன பண்ணுவா?"

நான் படித்த படிப்புக்கு இதை மறுத்துப் பேச எத்தனையோ வழி இருந்தது. தாமதத்துக்குக் காரணம் என் திட்டம்தான் என்று எனக்குத் தோன்றியது. இருபத்தாறு வயதில் ஃபூஜியில் நான் நடந்த வேகத்தை வைத்து, ஐம்பத்தொரு வயதுக்காரருக்கு நேரம் குறித்திருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் இந்தத் தவற்றைச் செய்தால் மொரி என்னைச் சும்மா விடமாட்டார். அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "உங்கொம்மா பதினேழு வருசமும் இப்பிடித்தான் நின்னுட்டு இருந்தாளா?"

"இல்லீங்கப்பா. அம்மா நின்னதில்லை. அன்னைக்கு மட்டும் ஊடு பூராக் கழுவுவாங்க. சாமான் எல்லாம் தேய்ப்பாங்க. தேய்ச்சதையே மறுபடி தேய்ப்பாங்க. பொழுதோட நீங்க வந்து செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டதும் தேய்க்கறத நிறுத்துவாங்க."

இருட்டத் தொடங்கியிருந்தது. அப்பா சட்டென்று காப்பிக் கடைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி வந்தார். கல்லின் மேல், முட்டி வலியோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். தண்ணீரை முழுவதும் குடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அவளுக்காகக் குடிச்சேன்" என்றார்.

ஏழு மணி தாண்டி, படிக்கட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. பழனிச்சாமி அண்ணன். அவருக்குப் பின்னால் சரசக்கா. அவருக்கும் பின்னால், கம்பை ஊன்றி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, அம்மா.

7

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கம்பை வாங்கிக்கொண்டார். கடைசிப் படியில் கையைக் கொடுத்தார். கூட்டாளிகள் எதிரில் அவர் அம்மாவின் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

நான்தான் கேட்டேன். "ஏனுங்கம்மா, நாலரைக்கு வரோணுமில்ல? வாட்ச் எங்கீங்க?"

அம்மா மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். "மூணாவது மலையிலயே கழட்டி முடிஞ்சுட்டேன் கண்ணு. கையில இருந்தா நீ பக்கத்துல நின்னுட்டு மணி கேக்கற மாதிரியே இருந்துச்சு."

"பயந்துட்டோம். வழியில காலுக்கு ஏதாச்சும் ஆயிருச்சோன்னு…"

"சரசக்காவுக்குக் காலு சித்தெ புடிச்சுக்கிச்சு, தேய்ச்சு உட்டேன். மத்தபடி ஒண்ணுமில்ல. மேல நெம்ப நேரம் உக்காந்துட்டோம். ஆரும் வந்து சோறு கேக்கல. அதான்."

சொல்லிவிட்டு வேனில் ஏறி, கோபி போய்ச் சேரும் வரை தூங்கினார். மறுநாள் முகூர்த்தத்தில் அம்மாவால் சம்மணம் போட முடியவில்லை, எழவும் முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். ஒரம்பரைச் சொந்தக்காரர்கள் முழுக்க வந்து வந்து பார்த்தார்கள். என்னிடம் கல்யாணப் பேச்சை எடுப்பதற்கு அன்றைக்கு ஒருவருக்கும் நேரமில்லை. வெள்ளியங்கிரி ஏறிவிட்டு வந்திருக்கும் அத்தைதான் அந்தக் கல்யாணத்தில் எல்லோருக்கும் பேச்சு. மாமா தாலியை எடுத்துக் கொடுக்கும் முன் தங்கையைப் பார்த்து, "நின்னுட்டே இரு அம்மணி, உக்காந்தா உன்னை எந்திரிக்க வைக்கறதுக்குள்ள முகூர்த்தம் போயிரும்" என்றார். மண்டபமே சிரித்தது.

திங்கள்கிழமை பெட்டி கட்டும்போது அந்தச் சீட்டு கிடைத்தது. முதல் மலைக்கு நேராக ஒரு நேரம். இரண்டாவதுக்கும் ஒரு நேரம். அதன் பிறகு வெறும் கட்டங்கள். பின்பக்கம் திருப்பினேன். அம்மாவின் எழுத்து, மலையில் மடிமேல் வைத்து எழுதியதால் கோணல்மாணலாக இருந்தது:

அடுத்த வருசத்துக்கு.
எலுமிச்சை ஆறு வேண்டாம், நாலு போதும்.
வெல்லம் அதிகம்.
கம்பளி அவரோடது கனம். சின்னது வாங்கணும்.
சரசக்காவுக்கு வேற செருப்பு.
அடிவாரத்துல அவருக்கு ஒரு ஸ்டூல்.

பதினொரு வயதிலிருந்து நான் எழுதியவை எல்லாம் அம்மா சொன்ன பட்டியல்கள். அவரே எழுதிய ஒன்றை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. எனக்கு ஐம்பது ஆக இன்னும் இருபத்து மூன்று வருஷம். அதற்குள் வழக்கம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் நான் காலைத் தயாராக வைத்திருக்கிறேன். தினமும் ரயில் நிலையம் வரை நடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஃபூஜிப் பட்டியலைப் பாதியில் வைத்துவிட்டு, தெருமுனைப் போனுக்குப் போய் அட்டையைச் சொருகினேன். அப்பாதான் எடுத்தார்.

"உங்கொம்மா நாயித்துக்கெழம கூட இல்ல. சரசக்காவோட நடக்கப் போயிருக்கறா. வர்ற சனிக்கிழம மலை. லிஸ்ட்டு நாந்தான் எழுதிட்டிருக்கறேன். எலுமிச்சை நாலுதானே?"

"நாலுங்கப்பா. வெல்லம் அதிகம். சின்னக் கம்பளி."

"கம்பளி வாங்கியாச்சு. டிக்கு அடிச்சுட்டேன்."

சனிக்கிழமை எத்தனை மணிக்கு இறங்குவார்கள் என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அதற்குப் பதிலாக, "ஸ்டூல் எடுத்து வெச்சாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"பட்டறையில சொல்லிச் செஞ்சே வாங்கிட்டேன். இரும்பு ஸ்டூலு. மடக்கிக்கலாம். ரெண்டு."

"ரெண்டு எதுக்குங்கப்பா? நீங்க ஒருத்தர்தானே?"

"போன வருசம் நீ காலையிலிருந்து பொழுதோட வரைக்கும் நின்னுட்டேதான் இருந்தே கண்ணு. நாம் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். "எப்ப வருவேன்னு கேக்கல. வந்தா உக்காரு."

வீட்டுக்கு வந்து பட்டியலை எடுத்தேன். இறங்கி வரும் நேரம் என்ற வரியை அடித்துவிட்டு, அங்கே எழுதினேன்: கீழே காத்திருப்பவர்களுக்கு உட்கார இடம்.